உள்ளே ஒரே கூட்டம்

எனக்கு வாய்த்த புருஷன் பேசுகிற தமிழைக் கேட்டால் மந்தைவெளியில் மீன்காரிகள் தராசைக் கீழே வைத்துவிடுவார்கள். வஞ்சிரம் என்ன விலை என்று நேராகக் கேட்க இவருக்கு வராது. "வாளையும் வஞ்சிரமும் வரிசையாய் அடுக்கியிருக்கும் வீரத்தாயே, வஞ்சகமின்றி ஒரு விலை சொல்" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் வேறு எங்கோ பார்ப்பேன். வீட்டிலும் அதே கதைதான். "என் இன்னுயிர்த் துணைவியே, இலையிலே சோறில்லை, அதனால் என் நெஞ்சிலே சோர்வில்லை, எனினும்..." என்று ஆரம்பிப்பார். அந்த 'எனினும்' முடிவதற்குள் நான் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கல்யாணத்தின்போது இவர் பெயர் தணிகாசலம். மயிலாப்பூர் டிராமில் கண்டக்டர். யுத்தம் முடிந்த வருஷம் சாமி இல்லை என்கிற இயக்கத்தில் சேர்ந்தார், சேர்ந்த கையோடு கனலரசு ஆகிவிட்டார். அதற்காக நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் பங்களாக்காரர் யாராவது எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். இயக்கத்தில் சேர்ந்த பிறகு அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கியதே இல்லை. நான் சாந்தோம் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதை ஒரு பெருமையாக நாலு பேரிடம் சொன்னவரும் இவர் ஒருவர்தான். அந்த இயக்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கும்பிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும்.

எனக்குப் பிடிக்காமல் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அந்த நாளில் மேடை ஏறுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குரல். பெரிய பேச்சாளர்களுக்குத் தொண்டை கொஞ்சம் கரகரக்கும், அது அவர்களுடைய பிறவிக் குரல். நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நன்றாக இருக்கிற தொண்டையை வேண்டுமென்றே கரகரக்க வைத்தார்கள். இவர் விடிந்ததும் அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய் அலைகளைப் பார்த்து "தமிழகமே" என்று கத்திப் பழகுவார். பகலெல்லாம் டிராமில் "லஸ் முனை வந்தது, இறங்குவோர் இறங்குக, ஏறுவோர் ஏறுக." சாயங்காலம் தெருமுனைக் கூட்டம். எங்கள் கிளைக்கு மைக் செட் எடுக்க வக்கில்லை. இவர் தொண்டைதான் மைக் செட்.

தேனாம்பேட்டைக் கூட்டத்தில் அது நின்றுபோனது. மேடைக்குப் பதிலாகப் போட்டிருந்த மரப்பெட்டிமேல் ஏறிக் கையை உயர்த்தி "தமிழகமே, நீ" என்றார். வாய் திறந்திருந்தது, கையும் உயர்ந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நல்ல பேச்சாளர்கள் இப்படி நடுவில் இடைவெளி விடுவது வழக்கம், அதனால் ஜனங்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர், என்னமாய் நிறுத்துகிறார் பார் என்று பக்கத்து ஆளிடம் சொன்னதை நானே கேட்டேன். இவர் கழுத்தில் நரம்பு புடைப்பதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கடப்பாரை பிடிக்கிறவன் உள்ளங்கையில் காய்ப்பு விழுமே, அது மாதிரி தொண்டைக்குள் விழுந்திருக்கிறதாம். வாயைத் திறக்காமல் இருந்தால் கரையலாம், இல்லையென்றால் இந்த ஜன்மத்துக்கு இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கோபாலபுரத்தில் பெரிய மாநாடு வரப்போகிறது. பெரிய தலைவர்கள் பேசுகிற அந்த மேடையில், அவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச இவரைப் போட்டிருந்தார்கள். மூன்று வருஷமாக இவர் கண்ட கனவு அது. அந்த மேடை இல்லையென்றால் தான் யாருமே இல்லை என்று நினைத்தார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன்.

என் மாமியார் தாயம்மா எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் கிடையாது. "சாமிய அந்தப் பேச்சு பேசினியே நைனா, அதான் வாயக் கட்டிச்சி" என்றாள். இவருக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. பதில் சொல்ல முடியவில்லை. கையில் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன், ஆனால் என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் சொன்னதே கடைசிப் பேச்சாக நின்றது.

டிராம் வேலைக்கு லீவு போட்டு, வாயைக் கட்டி இரண்டு வாரம் ஆகியும் தொண்டை தேறவில்லை. பிறகுதான் எனக்கு நோராவின் ஞாபகம் வந்தது. நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் சந்தில் வீடு. கோயில் பாடகர் குழுவில் பாடுவாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். ஒருமுறை ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாடிப் பாடி அவளுக்கும் இப்படிக் குரல் போய், பிறகு வந்தது. இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

நோரா இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணே, வாய மூடினது சரி. ஆனா உள்ள பேசிக்கிட்டேதான் இருக்கீங்க" என்றாள்.

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"தொண்டையில விரல் வைங்க, மெதுவா. இப்ப உங்க கூட்டத்துல பேசுற மாதிரி மனசுக்குள்ள மட்டும் பேசிப் பாருங்க."

இவர் விரலை வைத்தார். கண் கூரையைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டையில் வைத்தார். சத்தமே இல்லாமல் அங்கே ஒரு பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இதத்தான் டாக்டர் எங்கிட்டயும் காட்டினார்" என்றாள் நோரா. "மனசுக்குள்ள செபம் சொன்னாலும் தொண்டை கூடவே சொல்லும், அதயும் நிறுத்துன்னுட்டார். நாங்க வருஷத்துக்கு ஒருதடவ ஞான ஒடுக்கம்னு கொஞ்ச நாள் தனியா போய் இருப்போம், அப்ப பேச்சு கெடயாது. அங்க உக்காந்த மாதிரியே கோயில்ல போய் உக்காந்துக்குவேன். செபமும் இல்லன்னா வேற என்ன பண்றது? மூச்சு போறதயும் வர்றதயும் பாத்துக்கிட்டிருந்தேன். அப்படியே தியானத்துல உக்காருங்க."

தியானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே இவர் சிலேட்டை எடுத்தார். கடவுள் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். எனக்கு மானம் போயிற்று. வீடு முழுக்க மாதா சுரூபமும் சிலுவையுமாக இருக்கிற இடம் அது.

நோரா சிரித்துவிட்டாள். "இருக்கட்டும் அண்ணே. தொண்டை இருக்குல்ல? அதுக்காக உக்காருங்க."

விரலுக்குத் தெரிந்ததை இல்லை என்று சொல்கிற ஆள் இவர் இல்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு மணைப்பலகையைப் போட்டு, தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சும்மா உட்காருவது ஒரு வேலையா என்றுதான் நான் நினைத்தேன். இவருக்கு மூட்டை தூக்கியவன் மாதிரி வேர்த்துக் கொட்டியது. உட்கார்ந்த சூட்டில் எழுந்துவிடுவார், சந்துக்கும் வாசலுக்குமாக நடப்பார், மறுபடி வந்து உட்காருவார். ஒருநாள் சிலேட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார், மூலை உடைந்துபோனது. பேசாதே என்றால் உள்ளே இருக்கிற குரல் இன்னும் உரக்கப் பேசுகிறதாம், உடைந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

இதென்ன பெரிய வித்தை என்று ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் அந்தப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பில் இருக்கிற உலை வந்தது. எதிர்வீட்டுக்காரி வாங்கிப்போய்த் திருப்பித் தராத அரிவாள்மணை வந்தது. அவளிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும், அதற்கு அவள் என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று முழுச் சண்டையும் வந்தது. எழுந்துவிட்டேன். இந்த மனுஷன் தினமும் இதற்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரே என்று அன்றைக்குத்தான் இவர்மேல் எனக்கு ஒரு மரியாதை பிறந்தது. புருஷன் என்பதற்காக வருகிற மரியாதை வேறு, இது வேறு.

ஆடி பிறந்தது. இவர் விடவில்லை. எனக்கு முதலில் தெரிந்தது தோள். எப்போதும் யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்கிற மாதிரி காதோரம் ஏறியிருக்கும், அது இறங்கியிருந்தது. பிறகு என் மாமியார் சொன்னாள், தான் முட்டிவலியைப் பற்றிப் பேசினால் மகன் இப்போது கேட்கிறான் என்று. முன்பெல்லாம் அவள் முட்டி என்று ஆரம்பித்தால் இவர் மூடநம்பிக்கையில் கொண்டுபோய் முடிப்பார். பேச வாயில்லாததால் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கேட்கிற முகத்துக்கும் வாய் மூடிய முகத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஒருநாள் பலகையை விட்டு எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். தெருவில் பிள்ளைகள் கில்லி விளையாடுவதை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இன்னா ஆச்சி?" என்றேன்.

சிலேட்டில் எழுதினார்: இன்றைக்கு யாருமே பேசவில்லை.

"யாரு பேசல?"

உள்ளே என்று எழுதினார். வேறு ஏதோ எழுதப் போய், துடைத்துவிட்டுச் சிரித்தார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாருக்காகவும் சிரிக்காத சிரிப்பு அது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது என் மாமியார் ஒரு காரியம் செய்தாள். மகன் தினமும் கண்ணை மூடி உட்காருகிறான், கோபப்படுவதில்லை, அம்மா பேச்சைக் கேட்கிறான். அவள் கணக்கில் இதற்கு ஒரே அர்த்தம்தான். "எம் புள்ள தவசு பண்ணிக்கினு கீறான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இல்லை என்று எழுதிக் காட்டினால் அவளால் படிக்க முடியாது. நான் சொன்னால் நம்பமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கண்ணை மூடியிருந்த மகன் நெற்றியில் விபூதியைப் பட்டையாக இழுத்து, தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள்.

சரியாக அந்த நேரத்தில் கருணாகரன் உள்ளே வந்தார்.

கருணாகரன் எங்கள் கிளையின் செயலாளர். லஸ் பக்கம் சைக்கிள் கடை. இவருக்கு இயக்கத்தைக் காட்டியவரே அவர்தான், பெயர் வைத்தவரும் அவர்தான். கையில் கோபாலபுரம் மாநாட்டு நோட்டீஸ், மை காயாமல், அதற்குள் தொண்டை தேறிவிடும் என்று நம்பி இவர் பெயர் போட்டது. நண்பருக்குக் காட்ட ஆசையாக ஓடிவந்திருக்கிறார். வந்தவர் பார்த்தது கற்பூரப் புகையையும் அதற்குப் பின்னால் பட்டை விபூதியோடு கண்மூடி உட்கார்ந்திருக்கிற கனலரசையும்.

"தோழரே" என்றார். "தன்மானத் தணலாய் இருந்த நீரா, சாம்பலைச் சூடிச் சமாதியில் சாய்ந்தீர்?" கருணாகரனும் துக்கப்பட்டால்கூட எதுகை மோனையோடுதான் துக்கப்படுவார்.

இவர் கண்ணைத் திறந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் நினைத்தேன், ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார் என்று. எதிரே அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக நிற்கிறாள். இவர் அம்மாவைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார். விபூதி அங்கேயே இருந்தது. பழைய கனலரசாக இருந்தால் தட்டு தெருவில் போய் விழுந்திருக்கும்.

பிறகு சிலேட்டை எடுத்து, அம்மா பூசினாள், நான் உட்கார்ந்தது தொண்டைக்காக என்று எழுதிக் காட்டினார்.

"தொண்டைக்கு மருந்துண்ணலாம். கண்ணை ஏன் மூட வேண்டும்?" என்றார் கருணாகரன்.

இவர் பலப்பத்தைப் பிடித்தபடியே இருந்தார், எதுவும் எழுதவில்லை. தொண்டைக்காக மட்டும்தான் என்று இன்னொரு முறை எழுதியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். இப்போது அது உண்மை இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

கருணாகரன் தீர்ப்பை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தைவெளியில் கிளைக் கூட்டம். இவர் பெட்டிமேல் ஏறி, தான் தியானத்தில் உட்காரவே இல்லை, இனியும் உட்காரப்போவதில்லை என்று ஊரறியச் சொல்லவேண்டும். சொன்னால் கோபாலபுரம். சொல்லாவிட்டால் கோபாலபுரமும் இல்லை, எந்த மேடையும் இல்லை. தெருவெல்லாம் கனலரசு சாமியார் ஆகிவிட்டான் என்று பேசுகிறார்கள், கிளைக்கு அசிங்கம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக எனக்குக் கோபம் குறையவும் இல்லை.

சனிக்கிழமை நோரா வீட்டுக்குப் போனோம். தொண்டையைப் பார்த்தாள், வெளியே தடவிப் பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. மெதுவா. உங்களுக்கு எது வருதோ அது" என்றாள்.

இவர் கொஞ்சம் யோசித்தார். "செண்பகம்" என்றார்.

அது என் பெயர். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னுயிரே, இல்லத்தரசியே, இளஞ்செண்பகமே எல்லாம் கேட்டிருக்கிறேன். முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் இல்லாமல் செண்பகம் என்று மட்டும் கேட்டதில்லை. குரல் கனமாக இல்லை. கரகரப்பும் இல்லை. தணிந்து, கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தேன். நோராவின் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுதான் உங்க குரல், அண்ணே" என்றாள் நோரா. "பழசு மாதிரி பேசுனீங்கன்னா மறுபடி போயிடும். அது உங்க தொண்டைக்கு ஏத்ததே இல்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் ஆரம்பித்தேன். "இந்தா, நாளைக்கு அவங்க கேக்கறத சொல்லிட்டு வந்துடு. குந்தலன்னு சொல்லு. வூட்ல வந்து குந்திக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க? ஒரு பொய்யி தானே. மூணு வருஷமா அந்த மேடைக்கு அலைஞ்சே."

இவர் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆசையாத்தான் கீது" என்றார். "ரொம்ப ஆசையா கீது, செண்பகம்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்குள்ளேயே மந்தைவெளியில் ஆள் சேர்ந்துவிட்டது. வேடிக்கை என்றால் நம் ஜனத்துக்குச் சொல்ல வேண்டுமா? கனலரசு சாமியாரைப் பார்க்க மார்க்கெட்டே வந்திருந்தது. கருணாகரன் பேசினார், இன்னும் இரண்டு பேர் பேசினார்கள், மூன்று பேருக்கும் ஒரே கரகரப்பு. பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். நான் பெண்கள் பக்கம் நின்றேன்.

இவர் பெட்டிமேல் ஏறவில்லை. அதன் பக்கத்தில் நின்றார்.

"கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். "தொண்ட இப்பதான் தேறிக்கினு வருது. கத்த முடியாது."

இது கனலரசுதானா என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தார்கள்.

"நான் சாமி கும்புடல. கும்புடவும் மாட்டேன். ஆனா கண்ண மூடிக்கினு குந்தினது நெசம். அத இல்லன்னு என்னால சொல்ல முடியாது." கருணாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டி நிறுத்தவில்லை, சும்மா அவரைப் பார்த்தார். அவரே நிறுத்திக்கொண்டார்.

"மொதல்ல தொண்டைக்காகத்தான் குந்தினேன். உள்ள பாத்தா ஒரே கூட்டம். நம்ம பெரிய பேச்சாளருங்க அத்தினி பேரும் உள்ள பேசிக்கினு கீறாங்க. செத்துப்போன எங்க அப்பாரு திட்டிக்கினு கீறாரு. டிராம் இன்ஸ்பெக்டர் அதட்டிக்கினு கீறாரு. அத்தினி பேரு பேசறாங்க, நான் பேசறது மட்டும் கேக்கல. எனக்கு பயமா பூட்டுது. நாலு பேருக்கு புத்தி சொல்றவன், சொந்தமா ஒரு வார்த்த இல்லாதவன்னு தெரிஞ்சா பயம் வராதா?"

யாரோ சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

"கம்முனு குந்தி குந்தி, ஒரு நாளு அவங்க எல்லாரும் நின்னுட்டாங்க. ஒரு சத்தம் இல்ல. அப்பவும் நான் இருந்தேன். மேட இல்ல, பேரு இல்ல, அப்பவும் ஒருத்தன் இருந்தான். கொஞ்சம் பயந்தவன். ஆனா நல்லவன்தான்னு தோணிச்சி. அவன எனக்கு சின்ன வயசுல தெரியும், நடுவுல எங்கியோ தொலைச்சிட்டேன். யாரு சொன்னாலும் யோசிச்சிப் பாருன்னு இந்த இயக்கம் எனக்கு சொல்லிக் குடுத்திச்சி. அதத்தான் நான் பண்ணேன். எம் பேச்சயே யோசிச்சிப் பாத்தேன். கோபாலபுரத்துல பேசணும்னு எனக்கு உசுரு. ஆனா அதுக்கோசரம் அந்த ஆள திரும்பத் தொலைக்க மாட்டேன். நாளைக்கும் குந்துவேன். அவ்ளோதான்."

துண்டைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் நடந்து வந்தார். நான் மேடைக்குக் கீழே எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்குமோ என்கிற பயமே இல்லாத பேச்சை அன்றைக்குத்தான் கேட்டேன். இவர் என் புருஷன் என்று பக்கத்தில் நிற்கிற மீன்காரியிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொன்னேன்.

கருணாகரன் பெட்டிமேல் ஏறினார். கோபாலபுரம் மேடையில் கனலரசுக்குப் பதிலாக வேறொரு தோழர் பேசுவார் என்று அறிவித்தார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவர் சைக்கிள் கடையைத் திட்டினேன், அவர் பம்ப்பைக்கூட விடவில்லை. இவர் திட்டவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் ஒருமுறை வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார். ஆசைப்பட்டது போனால் அழக்கூடாது என்று யார் சொன்னது? அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து கீரை நறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை இவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். என் மாமியார் பக்கத்தில் பாயை விரித்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கருணாகரன். நேற்றுத் திட்டி மிச்சம் வைத்திருந்ததை முடித்துவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

அவர் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று இவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. இவர் கண்ணைத் திறந்து திரும்பினார்.

"தணிகா" என்றார் கருணாகரன். தோழர் இல்லை, கனலரசு இல்லை. "நேத்து கூட்டம் முடிஞ்சி வூட்டுக்குப் போனேன். எம் பொண்ணுக்கு மூணு வயசு ஆவுது. வாம்மா, அப்பா கிட்ட வந்து குந்துன்னு கூப்டேன். கையத் தட்டுது, தணிகா. நான் வாயத் தொறந்தா மேடப் பேச்சுன்னு நெனச்சி அது கையத் தட்டுது. எப்பவும் அப்டித்தான் பண்ணும், நானும் சிரிச்சிக்கினு பூடுவேன். நேத்து எனக்கு சிரிப்பு வரல. அதுக்கு நான் யாருன்னே தெரியல."

செருகிய முந்தானையை நான் இறக்கிவிட்டேன். இவர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் இருந்த பலகையை அவருக்குத் தள்ளிவிட்டு, தான் அம்மாவின் பாயில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.